அழைப்புக் கடிதம் வரட்டுங்க

எங்கள் மையத்தில் புதிதாகச் சேர்ந்திருக்கும் பெண்கள் இரண்டு பேர் போன மாதம் வீட்டுக்கு வந்தார்கள். நாடுகள் கைகோத்து மனித உரிமைகளைக் காப்பது பற்றி என் அனுபவத்தை எழுதித் தர வேண்டுமாம். பயிற்சிக் கையேட்டில் போடுவார்களாம். “கொஞ்சம் பாசிட்டிவா இருந்தா நல்லா இருக்குங்க மேடம்” என்றாள் ஒருத்தி. பாசிட்டிவாக எழுத வேண்டுமென்றால் கூட்டங்களில் போட்ட சாப்பாட்டைப் பற்றித்தான் எழுத முடியும். அதையும் எழுதுகிறேன், கவலை வேண்டாம்.

என் படிப்பு பெரிய படிப்பு இல்லை. பிளஸ் டூ முடித்து, பீளமேட்டில் ஒரு மாடியறையில் டைப்பும் சுருக்கெழுத்தும் கற்று, இரண்டு மில் அலுவலகங்களில் கடிதம் அடித்துவிட்டு, இந்த மையத்துக்கு ஸ்டெனோவாக வந்தேன். ஒருங்கிணைப்பாளர் என்ற பெயரோடு ஓய்வு பெற்றேன். இடையில் செய்த வேலை ஒன்றேதான். மற்றவர்கள் பேசுவார்கள், நான் எழுதுவேன்.

இந்தியா, நேபாளம், இலங்கை, வங்கதேசம் ஆகிய நான்கு நாடுகளிலிருந்தும் நாட்டுக்கொரு தொண்டு அமைப்பு சேர்ந்து உண்டாக்கிய கூட்டமைப்பு எங்களுடையது. ஒரு நாட்டுக்காரருக்கு இன்னொரு நாட்டில் அநியாயம் நடந்தால் நால்வரும் சேர்ந்து நின்று கேட்பது நோக்கம். தலைமைச் செயலகம் கொழும்பில். இந்தியக் கிளையான எங்கள் மையம் கோவைப் பீளமேட்டில், ஒரு பல் ஆஸ்பத்திரிக்கு மேல் மாடியில். உரிமை கேட்டு வந்தவர்களைவிடப் பல்வலியோடு படி மாறி ஏறி வந்தவர்கள்தான் அதிகம். பாவம், அவர்களுக்கும் எங்களால் எதுவும் செய்ய முடிந்ததில்லை.

எங்கள் டைரக்டர் சென்னியப்பன் ஐயாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அப்படி ஒரு மரியாதையான மனிதரை நான் பார்த்ததில்லை. தண்ணீர் கேன் போட வருகிறவருக்கும் எழுந்து நின்று வணக்கம் சொல்வார். யாரையும் அதட்டியதில்லை. “முடியாது” என்ற சொல் அவர் வாயிலிருந்து வந்து நான் கேட்டதில்லை. “ஆகட்டுங்க”, “பாத்துக்கலாமுங்க”, “செஞ்சுபோடலாமுங்க”, இந்த மூன்றும்தான். முதல் சொல்லுக்கு இப்போது இல்லை என்று அர்த்தம். இரண்டாவதற்கு எப்போதும் இல்லை என்று அர்த்தம். மூன்றாவதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குக் கடைசிவரை பிடிபடவில்லை.

நான்கு நாட்டுக் கூட்டம் கோவையில் நடந்தால் அது திருவிழாதான். மேசை மேல் குட்டிக் கொடிகள், பெயர்ப் பலகைகள், காதில் மாட்டிக்கொள்ளும் கருவி. காலையில் சந்தகையும் தேங்காய்ப்பாலும், மதியம் பச்சைப்பயறு கடைசல், கொள்ளு ரசம், ஒப்பிட்டு என்கிற போளி. “உங்க ஊடு மாதிரி நெனச்சுக்கங்க” என்று ஐயா ஒவ்வொருவர் இலை முன்னாலும் நின்று உபசரிப்பார். மூக்குப் பிடிக்கச் சாப்பிட்ட பிறகு மனித உரிமை பேச உட்காருவார்கள். நான்கு நாடுகளும் ஒருமனதாக ஏற்றுக்கொண்டது சந்தகையைத்தான். வேறு எதையும் ஏற்றதாக என் குறிப்பேட்டில் இல்லை.

கூட்டறிக்கை தயாரிக்கும் முறையைப் புதியவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். வரைவைத் திரையில் போடுவோம். ஒரு வாக்கியத்துக்கு யாராவது ஆட்சேபித்தால் அதைச் சதுர அடைப்புக்குறிக்குள் போட வேண்டும். அடைப்புக்குறிக்குள் போனது செத்ததுமில்லை, உயிரோடு இருப்பதுமில்லை. “சிறைகளை நேரில் பார்வையிடுவோம்” என்றால் ஒரு நாடு கை தூக்கும். உள்ளே போடு. “தொழிலாளர் விடுதிகளை” என்றால் இன்னொரு நாடு கை தூக்கும், அது பெரும்பாலும் நாங்களாகவே இருக்கும். அதையும் உள்ளே போடு. யாராவது குரலை உயர்த்தினால் ஐயா மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். அது எனக்குச் சைகை. உடனே எழுந்து டீ இடைவேளை அறிவித்துவிடுவேன். ஒரு வருடம் அறிக்கையில் அடைப்புக்குறிக்கு வெளியே மிஞ்சியது நாடுகளின் பெயர்களும் நன்றியுரையும்தான். அதையும் கைதட்டி நிறைவேற்றினோம்.

இப்படிப்பட்ட ஒரு கூட்டத்தில்தான் நான் அந்தக் காரியத்தைச் செய்தேன்.

ஒரு நாட்டு அமைப்பின் ஆள், பக்கத்து நாட்டுச் சிறையில் இருந்த தன் ஊர் மீனவர்களைப் பார்க்க, அந்த நாட்டு அமைப்புக்குச் சொல்லாமலே போய்விட்டார். யார், எந்த நாடு என்று சொல்ல மாட்டேன், இருவருமே இன்னும் தீபாவளிக்கு வாழ்த்து அனுப்புகிறார்கள். “எங்க நாட்டுக்குள்ள எங்களைக் கேக்காம எப்படி நுழையலாம்?” என்று ஒருவர் மேசையைத் தட்டினார். “மீனவர்கள் எங்களவர்கள்” என்று மற்றவர் எழுந்தார். இரண்டு முறை டீ கொடுத்தாயிற்று. மதியச் சாப்பாடு ஆறிக்கொண்டிருந்தது. சமையல்காரர் வாசலில் நின்று என்னை முறைத்துக்கொண்டிருந்தார்.

நான் எழுந்து, எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் சொன்னேன்: “எங்கள் ஊர்ப்பக்கம் கூடப்பிறந்தவர் வீட்டு விசேஷம் என்றாலும், அவர்கள் நேரில் வந்து வெற்றிலை பாக்கு வைத்து அழைத்தால்தான் போவோம். அழைத்த பிறகு போனால் சண்டையே வராது. நாமும் அப்படி வைத்துக்கொள்ளலாமே? யாருக்குப் பிரச்சினையோ அவருடைய சொந்த நாட்டு அமைப்பு எழுத்தில் அழைக்கட்டும். அழைப்புக் கடிதம் வந்த பிறகு, பிரச்சினை நடக்கிற நாட்டு அமைப்பு போய்ப் பார்க்கட்டும். அதுவரைக்கும் யாரும் வாசற்படி ஏற வேண்டாம்.”

அடேயப்பா, என்ன கைதட்டல்! அடைப்புக்குறி இல்லாமல் நிறைவேறிய முதல் தீர்மானம் அதுதான். “அழைப்பு விதி” என்று பெயர் வைத்தார்கள். எனக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். “அம்மணி, நம்மூரு மரியாதைய நாலு நாட்டுக்கும் கத்துக்குடுத்துபோட்டீங்க” என்றார் ஐயா. அன்றைக்கு நான் தரையில் நடக்கவில்லை.

மரியாதையாம்! என் அம்மா தொண்டாமுத்தூர்த் தோட்டங்களில் சின்ன வெங்காயம் பறித்தவர். தோட்டத்துச் சொந்தக்காரர் வீட்டு வாசலுக்கு வெளியே, உள்ளேயிருந்து குரல் வரும்வரை வெயிலில் நின்றவர். கூப்பிடாமல் படியேறக் கூடாது என்று எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தது வெற்றிலை பாக்கு வைத்து அல்ல. அந்த வீட்டுப் பிள்ளையான நான், அதே வழக்கத்தை எடுத்துத் துடைத்து, மரியாதை என்று பெயர் சூட்டி, நான்கு நாட்டுக்கும் பரிமாறியிருக்கிறேன். என் புத்தியை என்னவென்று சொல்வது!

இரண்டு வருடம் கழித்து, ஓர் ஆடி மாதத்தில், கவிதா என்ற பெண் கையில் துணிப்பையோடு மாடியேறி வந்தாள். பல்வலிக்காரி என்று நினைத்துக் கீழே போகச் சொன்னேன். “இல்லீங்க மேடம், உங்களத்தான் பாக்கணும்” என்றாள். தர்மபுரிப் பக்கத்துப் பெண். மதுக்கரை போகிற சாலையில் இருக்கும் ஒரு நூல் மில்லில் மூன்று வருட ஒப்பந்தம் முடித்து ஊருக்குப் போகிற வழியில் இறங்கியிருந்தாள்.

“எங்கூட மாயான்னு ஒரு நேபாளத்துப் பொண்ணு ரூம்ல இருக்கு மேடம். இருவது வயசு. அவங்க அம்மாவுக்கு வயித்துல கட்டி, ரொம்ப நாள் தாங்காதுன்னு சொல்லிட்டாங்களாம். போய்ப் பாக்கணும்னு அழுவுது. ஒப்பந்தம் முடியாம அனுப்ப மாட்டேங்கறாங்க. அதோட குடியுரிமை அட்டை ஆபீஸ் பீரோவுல இருக்கு. கேட்டாத் தர மாட்டேங்கறாங்க. பஸ் ஸ்டாப்புல நேபாளி பாஷையில உங்க நோட்டீஸ் பாத்திருக்கு. ‘நீ போய்ச் சொல்லு, அவங்க வந்தா விட்டுருவாங்க’ன்னு சொல்லி அனுப்புச்சு.”

ஒரு துண்டுச் சீட்டைக் கொடுத்தாள். மாயாவின் பெயர், ஊர், அம்மாவின் பக்கத்து வீட்டுப் போன் நம்பர். நான் கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டேன். மில் இருக்கும் இடம் எனக்குத் தெரியும். என் தங்கை மதுக்கரையில் இருக்கிறாள். ஞாயிறுதோறும் ஆராதனை முடிந்து அந்த வழியாகத்தான் பஸ்ஸில் போவேன்.

“கட்டாயம் போலாமுங்க அம்மணி” என்றார் ஐயா. முகத்தில் உண்மையான வருத்தம். “ஆனா நேபாளத்துலிருந்து அழைப்பு வரலீங்களே. நாம பாட்டுக்குப் போனா அவிய கோவிச்சுக்குவாங்க. விதியே நீங்க போட்டதுதானுங்களே?”

“லேபர் ஆபீஸுக்காவது எழுதலாமுங்களா ஐயா?”

“எழுதலாமுங்க. ஆனா வெளிநாட்டுப் புள்ளைங்க. அழைப்புக் கடிதம் வரட்டுங்க. வந்தா அடுத்த நிமிசம் செஞ்சுபோடலாமுங்க.”

நான் உட்கார்ந்துவிட்டேன். கைப்பையையும் கீழே வைத்துவிட்டேன். இதை எழுதாமல் விட்டால் மற்றதெல்லாம் எழுதி என்ன பயன்?

அன்றைக்கே காத்மாண்டுவுக்குப் போன் போட்டேன். அங்கே நிர்மலா என்று ஒரு அதிகாரி. தங்கமான பெண். அழைப்புக் கடிதம் கொடுக்க அவர்களுக்குக் குடும்பத்தின் விண்ணப்பம் வேண்டும், அதில் தாயின் கைநாட்டு வேண்டும் என்றாள். தாய் இருப்பது மலைமேல். பஸ்ஸை விட்டு இறங்கி அரை நாள் நடக்க வேண்டும். மழையில் பாதை சரிந்து கிடந்தது. ஆள் போய்க் கைநாட்டு வாங்கிவர ஒரு மாதத்துக்கு மேல் ஆயிற்று. சாகக் கிடக்கிற ஒரு மனுஷியின் பெருவிரலைப் பிடித்து மை தடவியிருக்கிறார்கள், எங்கள் விதிக்காக.

பிறகு அவர்கள் குழு கூட வேண்டும். குழு மூன்று மாதத்துக்கு ஒருமுறைதான் கூடும். கூடி, ஒப்புதல் கொடுத்து, கொழும்புக்கு அனுப்பினார்கள். கொழும்பில் இதைப் பார்க்க வேண்டிய அதிகாரி வெளியூர்க் கருத்தரங்குக்குப் போயிருந்தார். தலைப்பு, பாதிக்கப்பட்டவர்களுக்கு விரைவான நிவாரணம். சிரிக்காதீர்கள், சத்தியமாக அதுதான் தலைப்பு. அவர் திரும்பி வந்து, கோப்பைப் புரட்டி, பாதிக்கப்பட்டவரின் புகைப்படம் இல்லை என்று காத்மாண்டுவுக்கே திருப்பி அனுப்பினார். காத்மாண்டு எனக்கு எழுதியது: பெண் உங்கள் ஊரில்தானே இருக்கிறாள், ஒரு படம் எடுத்து அனுப்புங்கள். படம் எடுக்க நான் மில்லுக்குள் போக வேண்டும். மில்லுக்குள் போக எனக்கு அழைப்பு வேண்டும். அழைப்பு வர, படம் வேண்டும். எனக்குத் தலை சுற்றியது. ஐயாவோ, “ஒவ்வொண்ணா பாத்துக்கலாமுங்க” என்றார்.

கடைசியில் கவிதாவுக்குப் போன் போட்டு, விடுதியில் பொங்கலுக்கு எடுத்த படம் ஒன்றை அவள் போனிலிருந்து வாங்கினேன். கோலத்தைச் சுற்றி இருபது பெண்கள். ஓரத்தில் மாயா, பாதி முகம் அடுத்தவள் தோளுக்குப் பின்னால். அதை வெட்டி ஒட்டி அனுப்பினேன். என்னுடைய சாமர்த்தியத்தை எல்லோரும் பாராட்டினார்கள்.

இதற்கிடையில் ஞாயிற்றுக்கிழமைகள் வந்தபடியே இருந்தன. பஸ் அந்த மில் மதிலை ஒட்டிப் போகும். மதில் மேல் கண்ணாடிச் சில்லு, அதற்கு மேலே மாடிக் கம்பியில் துணிகள் காயும். முதலில் எட்டிப் பார்ப்பேன். பிறகு வலது பக்கச் சீட்டில் உட்கார ஆரம்பித்தேன், மதில் தெரியாது. ஒரு ஞாயிறு மனம் கேட்கவில்லை, இறங்கிவிட்டேன். கேட்டுக்குப் போய் நின்றேன். வாட்ச்மேன் எழுந்து வந்து, “ஏனுங்கம்மா, யாரைப் பாக்கோணுங்க?” என்றார். நல்ல மனிதர். கேட்டால் உள்ளே சொல்லியிருப்பார்.

“யாருமில்லைங்க. ஸ்டாப் மாறி இறங்கிட்டேன்” என்றேன்.

எதற்குப் பயந்தேன்? வேலை போய்விடும் என்றா? அதுவும்தான். ஆனால் அதைவிட, நானே போட்ட விதியை நானே மீறினால் அந்தப் பொன்னாடைக்கு என்ன மதிப்பு என்ற நினைப்பு இருந்ததே, அதைச் சொல்லத்தான் கூச்சமாக இருக்கிறது. அடுத்த பஸ்ஸில் ஏறித் தங்கை வீட்டில் போய்க் கறிக்குழம்பு சாப்பிட்டேன்.

கிறிஸ்துமஸுக்குப் பத்து நாள் இருக்கும்போது அழைப்புக் கடிதம் வந்தது. மூன்று முத்திரை, நான்கு கையெழுத்து. ஐயா அதை இரண்டு கையாலும் வாங்கினார். மறுநாளே வேன் சொன்னார். வெறும் கையோடு போகக் கூடாதென்று ஒரு தட்டில் ஆப்பிள், ஆரஞ்சு, வெற்றிலை பாக்கு, மில் மேனேஜருக்கு ஒரு சால்வை. பெண் கேட்கப் போகிறவர்கள் போலக் கிளம்பினோம். போட்டோ எடுக்க ஒருவரும் கூட வந்தார்.

மேனேஜர் வாசலுக்கே வந்து வரவேற்றார். “வாங்க, வாங்க. உக்காருங்க. காபிங்களா, டீங்களா?” ஐயா சால்வையைப் போர்த்தி, கோப்பைத் திறந்து, அழைப்புக் கடிதத்தை அவர் முன்னால் வைத்தார். மேனேஜர் அதைத் தொடவேயில்லை. நான் வாயால் விஷயத்தைச் சொன்னேன். தாய்க்கு உடம்பு முடியவில்லை, பெண்ணை அனுப்ப வேண்டும் என்று இரண்டே வாக்கியம்.

“மாயாவுங்களா? ஏனுங்க, இதுக்குப் போயி இத்தனை பேரு வரோணுங்களா? பெரியவிய ஒரு போன் பண்ணியிருந்தா அன்னைக்கே அனுப்பிச்சுபோட்டிருப்பனேங்க!” என்று சிரித்தார். வார்டனைக் கூப்பிட்டார். பீரோவைத் திறந்தார்கள், அட்டையை எடுத்தார்கள். காபி ஆறுவதற்குள் மாயா ஒரு தோள்பையோடு வந்து நின்றாள்.

அந்த ஆள் சொன்னது நிஜமா பொய்யா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. பெரிய பொய்யனாக இருக்கலாம். அந்தப் பெண் எத்தனையோ முறை கேட்டும் கொடுக்காதவன்தானே? ஆனால் ஆடி மாதத்திலேயே நான் போய்க் கேட்டிருந்தால், அவன் பொய்யன் என்றாவது எனக்கு நிச்சயமாகத் தெரிந்திருக்கும். ஐந்து மாதம், மூன்று நாடுகள், மூன்று முத்திரை எல்லாம் சேர்ந்து தயாரித்த அந்தக் காகிதத்தை அன்றைக்கு யாரும் படிக்கவில்லை. அது எங்களுக்கு மட்டுமே தேவைப்பட்ட காகிதம்.

படம் எடுத்தார்கள். அந்த வருட அறிக்கையின் அட்டையில் அதுதான் வந்தது. கொழும்பில் அதற்காகவே ஒரு நாள் அமர்வு வைத்து, மண்டல ஒத்துழைப்பின் வெற்றி என்று பேசினார்கள். அழைப்பு விதியை ரத்து செய்ய வேண்டும் என்று நான் இரண்டு பக்கம் எழுதிக் கொடுத்தேன். இரண்டு பக்கத்தையும் அடைப்புக்குறிக்குள் போட்டுவிட்டார்கள். விதி இன்றைக்கும் அமலில் இருக்கிறது. உங்கள் கையேட்டில் இதைப் போடுவார்களோ மாட்டார்களோ, புதியவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். முதலில் பஸ் ஏறுங்கள். கடிதத்தைப் பிறகு எழுதிக்கொள்ளலாம்.

ஆனால் வேனில் நடந்ததை எந்த அறிக்கையிலும் நான் எழுதவில்லை. ஐயா முன்சீட்டில் இருந்தார். நானும் மாயாவும் பின்னால். அவள் பையை மடியில் வைத்துக்கொண்டு, கையில் அட்டையைப் பிடித்தபடி இருந்தாள். பொங்கல் படத்தில் இருந்ததைவிட மெலிந்திருந்தாள்.

ஐயா திரும்பிப் பார்த்து அன்பாகச் சொன்னார்: “கவலைப்படாத கண்ணு. ரெண்டு நாள்ல அம்மாவப் பாத்துபோடலாம்.”

அவள் அவரையும் என்னையும் பார்த்தாள். கேலி செய்கிறோமோ என்று சந்தேகப்பட்டது போலிருந்தது. “அம்மா செத்துட்டாங்க” என்றாள். மில்லில் கற்ற தமிழ். “தீபாவளிக்கு முன்னாடி. வார்டன் போன் குடுத்தாங்க. உங்களுக்குத் தெரியாதா?”

எங்களுக்குத் தெரியாது. காத்மாண்டுவுக்குத் தெரியாது. கொழும்புக்குத் தெரியாது. அத்தனை பக்கம் ஓடிய கோப்பில், அந்தத் தாய் உயிரோடு இருக்கிறாளா என்று யாரும் ஒருமுறைகூடக் கேட்கவில்லை. கவிதா கொடுத்த சீட்டில் பக்கத்து வீட்டு நம்பர் இருந்தது. நானும் கூப்பிடவில்லை. ஐயா முன்பக்கம் திரும்பிக்கொண்டார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

கொஞ்ச தூரம் போன பிறகு அவள் கேட்டாள்: “அக்கா, கவிதா உங்ககிட்ட எப்ப வந்தா?”

பொய் சொல்லலாம் என்று ஒரு கணம் தோன்றியது. சொல்லவில்லை. “ஆடி மாசம்.”

அவள் விரல் விட்டு எண்ணினாள். “ஆடியில அம்மா போன்ல பேசினாங்க. எந்திரிச்சு உக்காந்து பேசினாங்க. அப்ப ஏங்க்கா வரல?”

“வரணும்னுதான் கண்ணு இருந்தோம். உங்க நாட்டுலிருந்து எங்களைக் கூப்பிடணும். கூப்பிட்டாத்தான் நாங்க வர முடியும். அப்படி ஒரு விதி.”

அவளுக்குக் கோபம்கூட வரவில்லை. உண்மையிலேயே புரியாமல்தான் என் முகத்தைப் பார்த்துக் கேட்டாள்.

“நாந்தான் கூப்பிட்டேனேக்கா?”